மீனுக்கு விசாகம்

வாங்க சார், உள்ள வாங்க. தலை, தலை! குனிஞ்சு வாங்க, குழாய் போவுது. மொத தடவ வாரவங்க எல்லாரும் இடிச்சிக்கிடுவாவ, நீங்க தப்பிச்சிட்டீங்க. என்னது? பெல்லா? ரொம்ப நேரமா அடிச்சீங்களா? எனக்குக் கேக்கலயே. பெல்லுதான் ரிப்பேர்னு நெனைக்கேன். நேத்து போஸ்ட்மேனும் இதயேதான் சொன்னாரு. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார், உள்ள மோட்டார் ஓடுது. போகப் போகப் பழகிரும். எனக்கெல்லாம் அது சத்தமாவே தெரியிறதில்ல.

மாடி போர்ஷனா? காலி இல்ல சார். கேட்ல தொங்குத போர்டு பழசு. கழட்டணும் கழட்டணும்னு நெனைக்கேன், கை ஒழியல. மாடிக்கு என் வீட்டுக்காரி குடி வந்துட்டா.

ஆமா, என் வீட்டுக்காரிதான். செண்பகவல்லி. கீழ நான் இருக்கேன், மேல அவ இருக்கா. சண்டைன்னு ஒண்ணும் இல்ல. ஒரு நாள் காலைல அஞ்சறைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு மேல போனா, அப்புறம் எறங்கி வரல. எதுக்குப் போனா? அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்க, பேங்க்ல வேலைன்னீங்க, படிச்சவங்க. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல உப்பு வாளி இருக்கு. இதுல உக்காருங்க.

மொதல்ல அந்தா, அந்த மீன் தொட்டியப் பாருங்க. எப்பிடி இருக்கு? ஒரு ஆளு படுத்துக் கெடக்கலாம் சார் அதுக்குள்ள. எல்லாம் கடல் மீனு. அந்த நீல மீனு இருக்கு பாத்தீங்களா, உங்களத்தான் பாக்குது. புது ஆளு வந்தா கண்ணாடிக்கிட்ட வந்து பாத்துட்டுத்தான் போவும். அந்த மரியாதை மனுசங்கிட்ட இருக்கா? என் மச்சினன் ஆறுமுகநயினார் வாராரு, இந்தப் பக்கமே திரும்பிப் பாக்காம நேரா மாடிப்படி ஏறிப் போறாரு.

நான் ஈபியில உதவிப் பொறியாளரா இருந்து ரிட்டையர் ஆனவன் சார். மத்தவங்களுக்கு வழியனுப்பு விழாவுல குத்துவிளக்கு குடுப்பாவ. எனக்கு எங்க செக்‌ஷன் பயலுவ ஒரு சின்ன கண்ணாடித் தொட்டி குடுத்தானுவ. உப்புத் தண்ணியும், ஆரஞ்சு கலர்ல வெள்ளைப் பட்டை போட்ட ரெண்டு மீனும். "சார், இனிமே பொழுது போகணும்லா"ன்னானுவ. செண்பகமும் சிரிச்சா. நெசமாவே சிரிச்சா சார், அந்தத் தொட்டிய டிவி பக்கத்துல அவதான் வச்சா.

ஆனா சின்னத் தொட்டில ஒரு கஷ்டம் இருக்கு. தண்ணி கொஞ்சம் ஆவியாப் போனாலும் உப்பு ஏறிரும். சூடு ஏறிரும். காலைல பாக்கணும், மத்தியானம் பாக்கணும், ஒரு கல்யாணம் காட்சிக்குப் போவ முடியாது. தூத்துக்குடியில மீனு விக்கிற பையன்கிட்ட கேட்டேன். அவன் சொன்னான், "சார், தொட்டியப் பெருசாக்குங்க, வேலை கொறையும்." அது வாஸ்தவம்தான சார்? கடல்ல யாராவது போயி தெனமும் உப்பு பாக்காவளா? பாக்கறதில்ல. ஏன்? பெருசு.

இத செண்பகத்துட்ட சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "வேலை கொறையணும்னா அந்த ரெண்டு மீனையும் கொண்டுபோயி தூத்துக்குடி கடல்லயே விட்டுட்டு வாங்க. அதவிடப் பெரிய தொட்டி எவன் கட்டப்போறான்?" பொம்பளைக்கு விஞ்ஞானம் வராது சார். சொன்னா வருத்தப்படுவா, அதனால நான் சொல்லல.

அவ தூத்துக்குடிக்காரி. அவ அப்பா உப்பு மண்டி வச்சிருந்தவரு. நான் தொட்டிக்கு வெளிநாட்டு உப்பு வாங்குனேன், அதுலதான் மீனுக்கு வேண்டிய சத்தெல்லாம் கலந்து வரும். மாமனார் ஒரு நாள் வந்தாரு. வாளியத் தொறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சாரு. அப்பிடியே துப்புனாரு. "மாப்ள, எங்க வீட்டுப் பொண்ணக் கட்டிக்கிட்டு வெளியூர்ல உப்பு வாங்கலாமா?"ன்னாரு. இல்ல மாமா, இதுல கால்சியம் இருக்குன்னேன். சாப்பிடாம போயிட்டாரு. உப்புக்கெல்லாம் ஒரு மனுசன் கோவிப்பானா சார்?

சரி, தொட்டின்னா தொட்டி மட்டும் இல்ல. அதுக்குன்னு மெஷின் ரூம் வேணும். தண்ணிய மேலயும் கீழயும் ஏத்தி எறக்குத மோட்டாரு, அழுக்க நுரையாத் தள்ளுத மெஷினு, தண்ணியக் குளுர வைக்கிற மெஷினு, அடியில ஒரு தொட்டி. இதெல்லாம் எங்க வைக்கறது? நான் பொறியாளன், ஆனாலும் கண்ண மூடிக்கிட்டு எறங்க மாட்டேன். வாஸ்து பாக்கிற சங்கரலிங்கத்தக் கூட்டிட்டு வந்தேன். அவரு திசைமானிய வச்சிக்கிட்டு வீட்ட மூணு சுத்து சுத்துனாரு. "நீர் ஈசானிய மூலையில இருக்கணும்"ன்னாரு. அந்தா, தொட்டி இருக்கிற எடம். "மெஷினுன்னா மின்சாரம், மின்சாரம்னா நெருப்பு. அது அக்னி மூலையிலதான் இருக்கணும். மாத்தி வச்சா குடும்பம் ரெண்டா ஒடையும்"ன்னாரு.

அக்னி மூலையில என்ன இருக்கு? எல்லார் வீட்லயும் இருக்கிறதுதான். அடுப்படி.

குடும்பம் ஒடையக் கூடாதுல்லா சார்? அடுப்படிய எடுத்தேன்.

அதுக்காகத்தான் குழாய் ஹாலு முழுக்கப் போவுது. ஈசானியத்துல தண்ணி, அக்னியில மோட்டாரு, நடுவுல நம்ம தலை. வாங்க, மெஷின் ரூமக் காட்டுதேன். பாத்து, அங்ஙன ஒரு வயரு. இதுதான். எப்பிடி? டைல்ஸ் மட்டும் பழசு. அந்த மேடைல முன்ன கேஸ் அடுப்பு இருந்துச்சு, இப்ப நுரை மெஷின் இருக்கு. அலமாரில பருப்பு டப்பா இருந்த எடத்துல மருந்து பாட்டிலு. ஜன்னலோரம் கருவேப்பிலச் செடி ஒண்ணு வச்சிருந்தா, அது இருந்த எடத்துல சுவிட்ச் போர்டு.

அடுப்ப நான் தூக்கி எறியல சார். அந்த மூலையில, குளிர் மெஷினுக்குப் பக்கத்துல, ஸ்டூல் போட்டு வச்சிக் குடுத்தேன். அந்த மெஷினு தண்ணியோட சூட்ட உறிஞ்சி வெளிய தள்ளும். செண்பகம் தோசை சுடும்போது சூடாக் காத்தடிக்குதுன்னா. அடுப்படின்னா சூடு இருக்கத்தான செய்யும்? அப்பவும் அவ ஒண்ணும் பெருசாச் சொல்லல. "பெட்ரூமுக்கு ஒரு ஏசி கேட்டேன், கல்யாணமான நாள்ல இருந்து. பரவால்ல, வீட்ல யாராவது ஒருத்தர் குளு குளுன்னு இருந்தாச் சரி"ன்னா. விட்டுக்குடுக்கிற மனசு அவளுக்கு எப்பவும் உண்டு.

எங்க வீடு சுத்த சைவம் சார். முட்டை கூட வாசப்படி தாண்டாது. ஆனா மீனு சைவமா? அதுக்கு எறால் வேணும். பிரிட்ஜ்ல மேல் தட்டுல எறாலு, கீழ் தட்டுல தோசை மாவு. மூடி போட்ட டப்பா சார், ஒண்ணுக்கொண்ணு தொடாது. நான் எறாலத் தொட்டா குளிச்சிட்டுத்தான் சாமி ரூமுக்குப் போவேன். அமாவாசைக்கு மீனுக்கும் கீரைதான். அந்த நீல மீனு பசலைக்கீரைய என்ன ருசியாத் திங்கும்கிறீங்க! "பாரு, நம்ம ஆளு"ன்னு அவள்ட்ட காமிச்சேன். அவ மாவுச் சட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டா.

இதுக்கெல்லாம் அவ போகல சார். அதத்தான் நான் சொல்ல வாரேன். மெஷின் ரூமுக்குக் கிரகப்பிரவேசம் வச்ச அன்னிக்குத்தான் போனா.

சிரிக்காதீங்க. புது ரூம் கட்டுனா பால் காய்ச்ச வேண்டாமா? சொந்தக்காரங்க அத்தன பேரும் வந்தாவ. வாத்தியார் ஐயரு வந்தாரு. எல்லாரும் இந்த ரூமுக்குள்ள நெருக்கியடிச்சு நிக்காவ, மோட்டார் ஓடுது, மந்திரம் ஒருத்தருக்கும் கேக்கல. ஐயரு கத்துதாரு, "யஜமானர் பேரு நட்சத்திரம்?" நானும் கத்துனேன், "ஆவுடையப்பன், உத்திராடம்." "பத்தினி பேரு நட்சத்திரம்?" "செண்பகவல்லி, விசாகம்." "வேற ஆருக்காவது உண்டா?" நான் மீனுங்களுக்கும் சொன்னேன் சார். வீட்டுக்குப் புதுசா வந்த உசுருதான அதுவும்? வந்த நாளு காலண்டர்ல என்ன நட்சத்திரமோ அது. ஆரஞ்சு ரெண்டும் ரோகிணி. மஞ்சளு அஸ்தம். நீல மீனு வந்தது வைகாசி விசாகம், முருகன் பொறந்த நாளு, அத எப்பிடி மறக்க முடியும்? அது விசாகம்னேன்.

ஐயரு ஒரு மாதிரி சிரிச்சாரு. "மாமிக்கும் மீனுக்கும் ஒரே நட்சத்திரமா? பேஷ்"ன்னாரு.

அப்ப செண்பகம் என் பக்கத்துல இருந்து சொன்னா, "எனக்கு அனுசம்." மெதுவாத்தான் சொன்னா. அந்தச் சத்தத்துலயும் அது மட்டும் எல்லாருக்கும் கேட்டுருச்சு.

விசாகத்துக்கு அடுத்த நட்சத்திரந்தான சார் அனுசம்? ஒரு நாள் வித்தியாசம். ஈபியில நாங்க இதவிடப் பெரிய பிழையெல்லாம் பாத்தாச்சு. அது சரி, எனக்கெப்பிடித் தெரியும்? கோயிலுக்குப் போனா அர்ச்சனைச் சீட்டு வாங்கறது அவ. எல்லார் பேரும் சொல்லறது அவ. என் உத்திராடத்த அவ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. அவ பேருக்கு யாரு சொல்லுவான்னு கேக்கீங்களா? அவளே சொல்லிக்கிடுவா. நான் பிரகாரத்துல நிப்பேன்.

அதுக்குள்ள பால் காய்ச்சணும்னாவ. மேடைல எடமில்ல, கீழ செங்கல்ல அடுப்பு வச்சு, அடித்தொட்டிக்குப் பக்கத்துலயே பானைய ஏத்துனாவ. பால் கிழக்க பாத்துப் பொங்கணும், அதுதான ஐதீகம்? நல்லாத்தான் பொங்குச்சு. கிழக்க இருந்தது அடித்தொட்டி. அம்புட்டுப் பாலும் அதுக்குள்ள எறங்கிருச்சு சார். நுரை மெஷினுக்குப் பாலக் குடுத்தா என்ன ஆவும்? புரதத்தக் கண்டா நுரைக்கிறதுதான அதுக்கு வேலை? பொங்குச்சு பாருங்க ஒரு பொங்கு! மேடை தாண்டி, அலமாரி தாண்டி, சுவரெல்லாம் வழிஞ்சு, எங்க பெரியத்தை காலு முங்குற அளவுக்கு நுரை. அவ்வொ என்ன செஞ்சாவ தெரியுமா? கையத் தட்டிக் குலவை போட்டாவ! "இப்பிடிப் பொங்குன வீட்ட நான் பாத்ததே இல்ல"ன்னு அழுதாவ சார், சந்தோசத்துல. எல்லாப் பொம்பளயும் குலவை போடுதாவ, ஐயரு வேட்டியத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு அட்சதை போடுதாரு, நான் ரெண்டு கையாலயும் நுரைய அள்ளி வாளில போடுதேன். "செண்பகம், துண்டு எடு, துண்டு எடு"ங்கேன். துண்டு வரல. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. அஞ்சறைப்பெட்டியும் இல்ல.

மீனு ஒண்ணும் சாகல சார். ராவும் பகலுமா தண்ணி மாத்துனேன். அவ மேல இருக்கான்னே எனக்கு மறுநாள் பசிச்சப்பத்தான் ஒறைச்சுது.

மொதல்ல கொஞ்ச நாளு மாடியில இருந்து கயித்துல தூக்குச்சட்டிய எறக்குவா. நானும் எடுத்துச் சாப்பிட்டேன். அப்புறம் யோசிச்சேன், நான் என்ன கெணத்துக்குள்ளயா கெடக்கேன்? கட்டுன புருசன, வாய் தொறந்து "சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டா என்ன? அழையாத வீட்டுக்கு நொழையலாமா? அது என் சொந்த வீட்டு மாடியாவே இருக்கட்டும். தூக்குச்சட்டியத் தொறக்காமலே மேல ஏத்தி அனுப்பிட்டேன். மச்சினன்ட்ட சொல்லியும் விட்டேன், "ஒங்க அக்காவ ஒரே ஒரு தடவ கூப்பிடச் சொல்லும். மறு நிமிசம் மேல இருப்பேன்"னு. அன்னியில இருந்து மெஸ்ஸுலதான் சாப்பாடு. புளிச்ச ரசம்.

மச்சினன் மேல போயிட்டு எறங்கி வந்து என்ன சொன்னாரு தெரியுமா? "அத்தான், அக்கா தெனமும் கூப்பிடுதாளாம். மத்தியானம் எலையப் போட்டுட்டு ஜன்னல்ல நின்னு கூப்பிடுதாளாம். நீங்கதான் பதிலே சொல்றதில்லையாம்."

எப்பிடிப் புளுகுதாங்க பாருங்க சார்! இந்த ஜன்னலுக்கு நேர மேலதான் அவ ஜன்னலு. நான் பொழுதன்னைக்கும் இங்ஙனதான் நிக்கேன். கூப்பிட்டா எனக்குக் கேக்காதா? டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நின்னு, அது மொனங்குறத வச்சே என்ன கோளாறுன்னு சொன்ன காது சார் இது. அக்காளும் தம்பியும் சேந்து என்னியப் பொய்யனாக்கப் பாக்காவ.

மனசு விட்டுச் சொல்லுதேன். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. தொட்டியப் பாத்துக்கிட்டே இருப்பேன், அது அம்புட்டு அழகு. "இந்தா பாரு செண்பகம்"னு வாய் வந்துரும். பக்கத்துல யாரும் இருக்க மாட்டாவ. ஒரு தடவ கூப்பிட்டுட்டான்னா போதும். வேற ஒண்ணும் கேக்கல நான்.

கெளம்பிட்டீங்களா? இருங்க, காப்பி போட... அடுப்ப மச்சினன் மேல தூக்கிட்டுப் போயிட்டாரு, மறந்துட்டேன். கரண்டா? கரண்ட் போனா என்னன்னு கேக்கீங்களா? நல்ல கேள்வி. மோட்டார் நின்னா மீனுக்கு மூச்சு முட்டிரும். அதுக்குத்தான் இன்வெர்ட்டர், அதுக்கு மேல பின்னால ஜெனரேட்டர். இந்த மோட்டார் ஓட ஆரம்பிச்சதுல இருந்து கண்ணிமைக்கிற நேரம் கூட நின்னதில்ல. இன்னிக்கு மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீசுக்குப் போயிருக்கு. அதனால என்ன, காலைலயே செக்‌ஷன் ஆபீசுக்குப் போன் போட்டு, "ஏல, இன்னிக்கு மட்டும் லைனப் புடுங்கிராதீங்க"ன்னு சொல்லிட்டேன். நான் வளத்த பயலுவ, என் பேச்சத் தட்ட மாட்டானு...

பாத்தீங்களா. பாத்தீங்களா! புடுங்கிட்டானுவ!

வாங்க சார், பின்னால வாங்க, சீக்கிரம்! இந்தா ஜெனரேட்டரு. நான் இந்த சுவிட்சப் போடுதேன், நீங்க அந்தக் கயித்தப் பிடிங்க. நாலஞ்சு இழுப்பு இழுத்தாத்தான் புடிக்கும். பிடிச்சீங்களா? நான் சொல்லும்போது...

இருங்க.

இழுக்காதீங்க. கொஞ்சம் இருங்க சார்.

என்ன இது, இம்புட்டு அமைதியா இருக்கு. காக்கா கத்துது. தேங்கா திருவுத சத்தம்... மேல இருந்துல்லா வருது? சொதி வாசம் வேற. இன்னிக்கு சொதியா வச்சிருக்கா?

ஷ்ஷ். கேட்டீங்களா? "ஏங்க, சாப்பிட வாங்க"ன்னு! அவ குரலுதான் சார். ஏங்கன்னா நான்தான். வேற யார ஏங்கன்னு கூப்பிடப் போறா?

இழுக்காதீங்கன்னேன்ல! மீனா? மீனு இருக்கட்டும் சார், செத்தா போயிரும் அதுக்குள்ள? இன்னொருக்க கூப்பிடுதாளான்னு பாப்போம். மூச்சு விடாம இருங்க.

...கேட்டீங்களா என்ன சொல்லுதான்னு? "தெனமும் தொண்டத் தண்ணி வத்தக் கூப்பிடுதேன், ஒரு நாளாவது வாரேன்னு ஒரு வார்த்த சொல்லுதாரா மனுசன்"னு. தெனமுமாம் சார். மச்சினன் சொன்னது... தெனமுமாம்.

இந்தா வாரேன்! ஏய் செண்பகம், வாரேன், வாரேன்! கேட்டிருக்குமா அவளுக்கு? இந்தா வந்துட்டேன்!

சார், நீங்க ஒரு உபகாரம் செய்யணும். நான் படியேறி மேல போயிருதேன். அப்புறம் கயித்த இழுங்க. இப்ப இழுத்தீங்கன்னா திரும்ப ஒண்ணும் கேக்காது. புடிக்கலேன்னா விடாதீங்க, இழுத்துக்கிட்டே இருங்க, நான் சாப்பிட்டுட்டு எறங்கிருதேன். அந்த நீல மீனு கண்ணாடிக்கிட்ட வந்து பாத்தா பயப்படாதீங்க, அது விசாகம், தைரியமான மீனு. கூப்பிட்டுட்டா சார், போகலேன்னா மரியாதை இல்ல. நீங்களே நாளைக்குப் பேசுவீங்க.

ஒரு நிமிசம் சார், ஒங்ககிட்ட இப்பத்தான சொன்னேன். அவளுக்கு என்ன நட்சத்திரம்னு சொன்னேன்?

அனுசம். ஆங், அனுசம். அனுசம், அனுசம், அனுசம்... நீங்க பேசாதீங்க சார், படி ஏறுதவரைக்கும் மறந்துரக் கூடாது. அனுசம், அனுசம்...